வரையாட்டுப் புல்லின் அடியில்

போன வாரம் வரையாடுகளோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரமும் அதே மலை, அதே புல். கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிறவர்கள் கோபாலபுரம் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தும்போது, வானம் தெளிந்திருந்தால் தெற்கே ஆனைமலைத் தொடர் தெரியும். அந்தத் தொடர் இடுக்கி மாவட்டத்துக்குள் ஏறி, 2,695 மீட்டரில் ஆனைமுடியாக நிற்கிறது. தென்னிந்தியாவில் அதைவிட உயரமான சிகரம் இல்லை. அந்த உச்சிப் புல்வெளியிலிருந்து ஒரு புதிய தவளையை 2010-இல் உலகுக்கு அறிவித்தார்கள், டெல்லி பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜுவும் அவரோடு உழைத்தவர்களும். ரவோர்செஸ்டஸ் ரெஸ்ப்ளெண்டன்ஸ் என்பது அறிவியல் பெயர். நமக்குச் செந்தவளை என்றால் போதும்.

ஏறக்குறைய ஓர் அங்குல உடம்பு. பளீரென்ற செம்மஞ்சள் நிறம். உடம்பெங்கும் கொப்புளம் கொப்புளமாகச் சுரப்பிகள். மரத்தவளைக் குடும்பத்தில் பிறந்தும் மரம் ஏறுவதில்லை. தரையில் புல் தூர்களுக்குள்ளேயே வாழ்கிறது. கால்கள் அத்தனை குட்டையாக இருப்பதால் துள்ளுவதைவிட ஊர்வதுதான் அதற்கு வசதி. கண்டறிந்தபோது அதன் வாழிடம் 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு என்றார்கள். விரைவிலேயே செம்பட்டியலின் ‘மிகவும் அருகிய இனங்கள்’ வரிசையில் சேர்ந்துவிட்டது.

இது இன்றுவரை பிழைத்திருக்க வரையாடு ஒரு காரணம். ஆனைமுடி அடங்கிய இரவிகுளத்தை 1975-இல் சரணாலயமாக்கியதும் 1978-இல் தேசியப் பூங்காவாக்கியதும் வரையாட்டை மனத்தில் வைத்துத்தான். குட்டி போடும் காலத்தில் பூங்காவை மூடிவிடுகிறார்கள். சுற்றுலாக் கூட்டம் ராஜமலையோடு நின்றுவிடுகிறது. பேரே தெரியாத காலத்திலும் ஆட்டுக்குப் போட்ட காவலில் தவளையும் இருந்தது. தமிழ்நாடு 2022-இல் வரையாட்டுக்கென ரூ. 25.14 கோடியில் தனித் திட்டம் அறிவித்ததை வரவேற்காதவர் யார்? தவளைக்காக அப்படியொரு தொகையை எந்தச் சட்டமன்றத்தில் கேட்பது!

ஆனால் ஆட்டின் கணக்கும் தவளையின் கணக்கும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிய புல்லை ஆடு விரும்பாது. எரித்தால் இளந்தளிர் வரும். அதனால் மூணாறில் தோட்டத் துரைகள் வேட்டைச் சங்கம் வைத்திருந்த காலத்திலிருந்தே புல்வெளியைப் பகுதி பகுதியாகக் கொளுத்திவிடும் வழக்கம் உண்டு. கோடையில் பெருந்தீ பரவாமல் தடுக்கவும் அது உதவும். நெருப்பின் போக்கறிந்த முதுவர் பழங்குடியினர் அந்த வேலையில் கைதேர்ந்தவர்கள். ஆட்டுக்கு வேண்டியது புல்லின் நுனி. தவளைக்கு அதன் தூர். எந்தச் சரிவை, எந்த மாதத்தில், எவ்வளவு ஈரம் இருக்கும்போது கொளுத்துவது என்பதை நுனியைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி.

இந்தப் பேரினத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. ஈரத் தரையிலோ இலையிலோ இடும் முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சியும் முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். குளம் வேண்டாம், ஓடை வேண்டாம். காற்றில் ஈரம் வேண்டும். மூடுபனி குறைந்தால் முட்டை காயும். வெப்பம் கூடினால் மற்ற உயிர்கள் மலையில் மேலே நகரலாம். உச்சியில் இருப்பது எங்கே போகும்? உலகின் நீர்நில வாழ்விகளில் 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023-இல் வந்த உலகளாவிய மதிப்பீடு சொன்னது. அண்மைக்காலச் சரிவுக்குப் பருவநிலை மாற்றத்தையே முதன்மைக் காரணமாக அது காட்டியது.

செந்தவளைக்கு நம் பக்கத்தில் ஓர் உறவுக்காரன் உண்டு. 1876-இல் பெயரிட்ட பிறகு நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், 2011-இல் ‘மீண்டும் கிடைத்தது’ என்று செய்தியான ரவோர்செஸ்டஸ் சலசோடஸ். களக்காடு முண்டந்துறையில் கே.எஸ். சேஷாத்ரி அதைத் தொடர்ந்து கவனித்தார். ஈத்தை என்ற மூங்கில் வகையின் கணுவிடையில், பூச்சியோ எலியோ போட்ட சில மில்லிமீட்டர் ஓட்டை வழியாக உடம்பை நெளித்து நுழைகிறது. முட்டைகள் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காவல் இருப்பது தந்தை. அந்தத் தந்தையை அகற்றிப் பார்த்தபோது வேறு ஆண் தவளைகள் வந்து முட்டைகளைத் தின்றன! பிள்ளை வளர்ப்பில் அப்பா எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஈத்தைக்குள் பதில் இருக்கிறது.

அந்த ஈத்தையைத்தான் கேரளக் காடுகளிலிருந்து பல ஆண்டுகள் லாரி லாரியாக வெள்ளூர் காகித ஆலைக்கு அனுப்பினார்கள். கூடை முடைபவர்களுக்கும் அது பிழைப்பு. அவர்களைத் தடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முடைவதற்கு வேண்டியது பழுதில்லாத கழி. ஓட்டை விழுந்ததை வெட்டாமல் விட்டால் அவர்களுக்குப் பெரிய நட்டமில்லை. வெட்டுரிமை கொடுக்கும்போதே அந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிடலாம். முட்டையிடும் மழை மாதங்களில் வெட்டு வேண்டாம் என்று இன்னொன்றும்.

(தொடரும்)