நெடுக்கே பார்த்தால் ஊர் தெரியும்

குழித்துறையை மேலேயிருந்து படம் எடுக்க எங்கே ஏறணும் என்று, புதுசாகக் கேமரா வாங்கிய பிள்ளைகள் கேட்பதுண்டு. சாயா வரட்டும், நிதானமாகச் சொல்கிறேன். உயர ஏறினால் ஊர் தெரியும் என்ற நினைப்பை மட்டும் முதலில் விட்டுவிடணும். திருச்சியில் அது சரி. மலைக்கோட்டை சுமார் 270 அடி. உச்சிப்பிள்ளையார் கோயிலில் நின்றால் மொட்டை மாடிகளும் தெருக்களும் காவிரிப் பாலமும் வரிசையாகக் கிடக்கும். குழித்துறை இருக்கும் விளவங்கோடு தாலுகாவில் இந்தக் கணக்கு எடுபடாது.

நம்ம பக்கத்தில் அதற்கு ஈடாகச் சொல்வது சிதறால் மலை. குழித்துறையோடு சேர்ந்த மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்ச தூரந்தான். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள் பாறையில் வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு உச்சிக்கு ஏறி ஊர் இருக்கும் திக்கில் திரும்பினால் தென்னந்தலைதான். வீடு, கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதற்கு அடியில் இருக்கின்றன; கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. மாத்தூர் தொட்டிப்பாலமும் அப்படியே. 1966-ல் பரளியாற்றின் குறுக்கே கட்டியது, 115 அடி உயரம். கீழே குனிந்தால் ஆறும் வாழையும் தென்னையும் அருமையான படம். ஊர்ப் படம் ஆகாது.

ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். ஆறு மாடிக் கட்டிடத்தின் மேல் நிற்கிறீர்கள், கண்மட்டம் 60 அடி என்று வைப்போம். நூறு அடி தள்ளி 50 அடி உயரத்தில் ஒரு தென்னை. அதன் கொண்டையை உரசிக்கொண்டு போகும் பார்வை, நூறு அடிக்குப் பத்தடி வீதம் இறங்கும். அது தரையைத் தொடுவது உங்களிடமிருந்து 600 அடி தள்ளி. அப்படியானால் அந்தத் தென்னைக்குப் பின்னால் 500 அடித் தரை மறைந்துபோகிறது. ஒரு மரத்துக்கு இவ்வளவு என்றால், தோப்புக்குத் தோப்பு ஒட்டிக் கிடக்கும் ஊரில் ஆறு மாடியும் ஒன்றுதான், அறுபது அடி ஏணியும் ஒன்றுதான்.

அதனால் உயரத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு மரம் இல்லாத வெட்டவெளியைத் தேடணும். தென்னை நிற்காத கோடுகள் இந்த ஊரில் மூன்று: ரோடு, ஆறு, ரயில் தண்டவாளம். இந்தக் கோட்டுக்குக் குறுக்கே பார்த்தால் எதிரே மரம் வந்து மறைக்கும். நெடுக்கே பார்த்தால் கிலோமீட்டர் கணக்கில் திறந்து கிடக்கும். அதற்கு இருபது முப்பது அடி உயரமே தாராளம். மூன்றில் தண்டவாளத்தை இப்போதே கழித்துவிடலாம். அத்துமீறி இறங்குவது ரயில்வே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

ரோட்டுக்கு வருவோம். பம்மத்தில் தொடங்கி வெட்டுவெந்நியில் இறங்கும் மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், இரும்புப் பாலம். அது வந்த பிறகுதான் இந்த ஊருக்கே ஒரு நடு உயரம் கிடைத்தது. கடைகளின் இரண்டாம் மாடி போர்டு கண்ணுக்கு நேரே வருகிறது. நகைக்கடை விளம்பரத்தில் சிரிக்கும் பெண் உங்கள் மட்டத்தில் இருக்கிறாள். ஆனால் பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டி நிற்கிற வேலை வேண்டாம். பின்னால் வருபவன் பிரேக் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மார்த்தாண்டத்தில் நிற்காமல் போகும் பஸ் மேலே போகும். அதில் ஜன்னல் சீட் பிடித்து, ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்துக்கொண்டால் அசைவு பதியாது.

நின்று நிதானமாக எடுக்க, பாலத்தை ஒட்டிய கட்டிடங்களின் மொட்டை மாடிதான் இடம். மூன்றாவது மாடி போதும். கல்லாவில் இருப்பவரிடம் நேரே போய், எந்தத் திசையை எடுக்கப் போகிறேன், எவ்வளவு நேரம் என்று சொல்லிக் கேட்கணும். எடுத்த படத்தைக் காட்டுகிறேன் என்றால் பெரும்பாலும் சாவி வந்துவிடும். மேலே போனபிறகு கேமரா வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது, கைப்பிடிச் சுவரில் ஏறாமல் இருப்பது, தண்ணீர் டாங்கைத் தொடாமல் இருப்பது முக்கியம். பின்பக்கம் இருக்கும் வீடுகளின் கிணற்றடிக்கும் துணிக்கொடிக்கும் லென்ஸைத் திருப்பாமல் இருப்பது இவை எல்லாவற்றுக்கும் மேல். ஒரு ஆள் அந்தத் தப்பைச் செய்தால், பிறகு வரும் பத்துப் பேருக்குச் சாவி கிடைக்காது.

மாடியில் நின்றதும் முதல் எரிச்சல் கேபிள் ஒயர். அதற்குப் பயந்து பின்னால் நகர்ந்தால் ஒயர் இன்னும் தெளிவாக விழும். முன்னால் வந்து, ஒயருக்கு மிக அருகில் லென்ஸை வைத்து, அப்பர்ச்சரை நன்றாகத் திறந்து, தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். ஒயர் கரைந்து காணாமல் போகும். போனில் எடுப்பவர்கள் எல்லாவற்றையும் அடக்கும் அகல லென்ஸுக்குத்தான் பாய்கிறார்கள். என் கட்சி வேறு. இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ நெருக்கிக் காட்டும் லென்ஸில்தான் ரோட்டின் நெடுக்கே இருக்கும் போர்டும் பஸ்ஸும் பாலத்தின் வளைவும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரும். சாயங்காலம் எடுப்பதானால் வெட்டுவெந்நிப் பக்கம் நின்று பம்மத்தைப் பார்க்கணும், வெயில் முதுகில் விழும். மழை விட்ட மறுநாள் தூசி அடங்கியிருக்கும். கீழ்த்திசையில் மலைவரிசையும் கூடச் சேர்ந்து வரும்.

மாடிப் படம் ஒன்றும் குறைந்த சாதி இல்லை. 1838-ல் பாரிஸில் டாகேர் ஒரு மேல்மாடி ஜன்னலிலிருந்து தெருவை நெடுக்கே எடுத்தார். தகட்டில் பதிய நிமிடக்கணக்கில் ஆனதால், ஓடிய வண்டியும் நடந்த ஆளும் பதியாமல் போக, ஷூவுக்குப் பாலிஷ் போட நின்றவர் மட்டும் விழுந்தார். மனித உருவம் பதிந்த முதல் போட்டோ என்று பலரும் சொல்வது அதைத்தான். பலூனில் ஏறி ஊரை எடுக்க ஆரம்பித்தது அதற்கு இருபது வருஷம் கழித்து. இப்போது பலூனின் வேலையை ட்ரோன் செய்கிறது. 250 கிராமுக்கு உட்பட்டதைத் தொழிலுக்கு அல்லாமல் பறக்கவிட, 2021 விதிகளின்படி பைலட் சான்றிதழ் தேவையில்லை. பச்சை மண்டலமா என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளணும், 400 அடிக்கு மேல் போகக்கூடாது. ஆனால் நேரே மேலே போய்க் கீழே பார்த்தால் மறுபடியும் தென்னந்தலைதான். ட்ரோனையும் ரோட்டின் நெடுக்கே திருப்பணும்.

ரோடு ஆயிற்று, இனி ஆறு மிச்சம். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடி, தாமிரபரணி என்ற பெயரில் குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கின்றன. வெள்ளம் வந்தால் முங்கிப்போகும் சப்பாத்துப் பாலத்தில் உயரம் என்று ஒன்றுமில்லை. ரோட்டுப் பாலத்தில் ஓரமாக நடந்து நின்றால் ஆற்றின் நெடுக்கே இருகரையும் கிடைக்கும்.

ஆடி அமாவாசையை ஒட்டி நகராட்சி நடத்தும் வாவுபலி பொருட்காட்சியில் இன்னொரு வழி உண்டு: ராட்சத ராட்டினம். சுற்றும்போது எடுக்க முயல வேண்டாம், குலுங்கும். ஆள் ஏற்றும்போது ஒவ்வொரு கூண்டுக்கும் நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்றுவார்கள். அதனால் வரிசையில் முதலாவதாக நின்று முதல் கூண்டில் ஏறிவிடுங்கள். பாதிப்பேர் ஏறி முடிக்கிற நேரம் உங்கள் கூண்டு உச்சியில் அசையாமல் நிற்கும். அந்த அரை நிமிஷத்தில் எடுத்துவிடணும்.