பிந்தி வரும் நியூத்திரன்கள் தரும் அவகாசம்

மன்னார்த் தீவிலிருந்து தென்மேற்கே, வளைகுடாவைத் தாண்டினால் நேர்கோட்டில் ஏறத்தாழ 250 கிலோமீற்றரில் கூடங்குளம். அங்கே தலா 1000 மெகாவாட் வலுவுள்ள இரண்டு அணு உலைகள் மின் உற்பத்தி செய்கின்றன. முதலாவது 2013இல் மின்வலையமைப்பில் இணைந்தது. அவை கைமீறிப் போனால் என்னாகும் என்று பேசாலையிலோ சிலாவத்துறையிலோ ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. பதிலில் பாதி, பிந்திப் பிறக்கும் ஒருவகை நியூத்திரன்களில் இருக்கிறது.

யுரேனியம் 235 அணுக்கரு பிளக்கும்போது சராசரியாக 2.4 நியூத்திரன்கள் வெளிவருகின்றன. பெரும்பாலானவை அந்தக் கணத்திலேயே தெறித்து, செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் அடுத்த பிளவை உண்டாக்கிவிடும். இவை மட்டுமே இருந்தால், கட்டுப்பாட்டுத் தண்டு அசைவதற்குள் உலையின் வலு பல மடங்காகிவிடும்.

நல்லவேளையாக, ஏறத்தாழ 0.65 சதவீதமானவை பிந்தி வருகின்றன. பிளவில் பிறக்கும் புரோமின் 87ஐ எடுத்துக்கொள்வோம். அதன் அரைவாழ்வு சுமார் 56 செக்கன். பீட்டாச் சிதைவில் ஓர் இலத்திரனை வெளியேற்றி அது கிரிப்தன் 87 ஆகிறது. கிரிப்தன் 87இல் 51 நியூத்திரன்கள். ஐம்பதுடன் ஓர் ஓடு நிறைந்துவிடுவதால் கடைசி ஒன்றின் பிணைப்பு தளர்வு. சக்தி மிஞ்சியிருந்தால் அது கழன்றுவிடும். நூறு சிதைவில் இரண்டு மூன்றில்தான் இது நடக்கிறது. 1939இல் அமெரிக்காவில் ரொபேட்ஸ் குழுவினர் கண்டறிந்த இந்தத் தாமதமே உலையை இயக்குபவர்களுக்கு அவகாசம் தருகிறது.

இந்தப் பிந்திய நியூத்திரன்களை எண்ணுவதுதான் பெரும்பாடு. நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை. அளக்கவேண்டிய கருக்களில் பல ஒரு செக்கன்கூட வாழ்வதில்லை. ஜப்பானின் ரைக்கன் ஆய்வுநிலையத்தில் அவற்றைச் சிலிக்கன் உணரியில் பதித்து, பீட்டா வெளிவரும் கணத்தைக் குறித்தார்கள். சுற்றிலும் பொலித்தீன் பாளம், அதனுள் ஈலியம் 3 நிரப்பிய 140 குழாய்கள். பொலித்தீனில் மோதி வேகம் தணிந்த நியூத்திரன் ஈலியத்தில் சிக்கி மின்துடிப்பாகிறது. எத்தனை பீட்டாவுக்கு எத்தனை நியூத்திரன் என்பதே தேடப்படும் விகிதம்.

எரிபொருள் எரிய எரியப் புளூத்தோனியம் சேர்கிறது. அதன் பிந்திய பங்கு 0.2 சதவீதமளவே என்பதால் அவகாசமும் சுருங்குகிறது. துல்லியமான அளவீடு வெறும் ஆய்வுகூட ஆர்வமல்ல.

பதிலின் மறுபாதியை இந்த நியூத்திரன்கள் தரா. பிளவு நின்றபின்னும் சிதைவு வெப்பம் தொடரும். 2011இல் புக்குஷிமாவில் உலைகள் உடனே நின்றன, குளிரூட்டல்தான் தவறியது. எனவே மன்னார் மக்கள் இலங்கை, இந்திய அரசுகள் இரண்டிடமும் கேட்கவேண்டியவை இரண்டு: மின்சாரம் அற்றாலும் குளிரூட்டலுக்கு என்ன வழி? விபத்து நேர்ந்தால் எங்கள் கரைக்கு யார், எவ்வளவு விரைவாகச் செய்தி சொல்வார்கள்?