வண்ணத்தூள் – 9: நீல உடையில் மார்கோ

சென்ற வாரம் பாரிஸின் உஸ்மான் சாலையில், ஒரு ஓவியக் கடையின் கண்ணாடிக்கு வெளியே ஓவியர் மேரி கஸாட்டை நிறுத்திவிட்டு வந்தோம். உள்ளே ஓவியர் தெகாவின் பாஸ்டல்கள். அந்தக் கண்ணாடியில் மூக்கு நசுங்க நின்று பார்த்ததைப் பல வருடம் கழித்தும் அவர் மறக்கவில்லை. பென்சில்வேனியாவில் 1844-ல் பிறந்தவரை 1877-ல் தெகாவே தேடி வந்து தங்கள் குழுவோடு படங்களைக் காட்ட அழைத்தார். 1879-ல் அந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் நான்காவது கண்காட்சியில் கஸாட்டின் படங்களும் இடம்பெற்றன.

இந்த வாரம் அவருடைய ஒரே ஒரு படத்தின் முன் நிற்போம். 1902-ல் பாஸ்டலில் வரைந்தது, இப்போது பால்டிமோர் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீல உடை, தலையில் பெரிய தொப்பி, சின்ன முகம். சிறுமியின் பெயர் மார்கோ லூக்ஸ். பாரிஸுக்கு வெளியே போஃப்ரேன் என்ற பழைய மாளிகையை கஸாட் 1894-ல் வாங்கியிருந்தார். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை மார்கோ. கஸாட்டின் பல படங்களில் இவளைப் பார்க்கலாம்.

பிள்ளையை உட்காரவைத்து வரைவது எவ்வளவு பெரிய பாடு என்று வீட்டில் குழந்தை இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் வண்ணம் காயக் காத்திருக்க வேண்டும். அதற்குள் பிள்ளை தோட்டத்துக்கு ஓடிவிடும். பாஸ்டலில் அந்தத் தொல்லை இல்லை. வண்ணப்பொடியைக் கொஞ்சம் பிசின் நீரில் பிசைந்து உருட்டிக் காயவைத்த குச்சி அது. நம் சாக்பீஸுக்குப் பணக்கார உறவு என்று வையுங்கள். கோடும் வண்ணமும் ஒரே இழுப்பில் விழும். பிள்ளை எழுந்து போனால் கையை எடுத்துவிடலாம். திரும்பி வந்து உட்கார்ந்ததும் விட்ட இடத்திலேயே தொடரலாம்.

மார்கோவின் முகத்தை விட்டுக் கண்ணைக் கீழே இறக்கிப் பாருங்கள். கன்னத்தில் பொடி மெத்தென்று இழைந்திருக்கிறது. உடைக்கு வந்ததும் கை வேகம் பிடிக்கிறது. கோடுகள் கோடுகளாகவே நிற்கின்றன. அவசரத்தில் பாதியில் விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை அது.

குழந்தைகளை வரைந்தவர் என்றதும் கஸாட்டைக் கொஞ்சலும் குழைவுமான ஓவியர் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. நீலச் சாய்வுநாற்காலியில் சலித்துப்போய்க் காலை அகட்டிச் சரிந்துகிடக்கும் ஒரு சிறுமியை 1878-ல் அவர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பின்னணியில் தெகாவும் கைவைத்திருந்தார். பாரிஸ் உலகக் கண்காட்சியின் அமெரிக்கப் பிரிவு அதைத் திருப்பி அனுப்பியது. நடுவர் மூவரில் ஒருவர் மருந்துக்கடைக்காரர் என்று கால் நூற்றாண்டு கழித்தும் கோபம் தணியாமல் கடிதம் எழுதினார் கஸாட். நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய கடமை அவர் வரைந்த பிள்ளைகளுக்கு இல்லை. மார்கோவுக்கும் இல்லை.

பின்னாளில் நீரிழிவு வந்தது, கண்புரை வந்தது. 1914 வாக்கில் வரைவதை நிறுத்திக்கொண்டார். பார்வை ஏறக்குறைய போன நிலையில், 1926-ல் போஃப்ரேனிலேயே காலமானார்.

பாஸ்டல் காகிதத்தோடு முழுதாக ஒட்டுவதில்லை, அதிர்ந்தால் உதிரும். ஒட்டவைக்கப் பசை தெளித்தால் நிறம் மங்கும். அதனால்தான் இந்தப் படங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்திலும் நிறம் வெளிறும் என்பதால் மங்கிய வெளிச்சம்தான். அருகே போய், கண் இருட்டுக்குப் பழகும்வரை நின்றால்தான் அந்த நீலம் மெல்ல மேலே வரும்.

(தொடரும்)