முதுகில் ஒரு பை, பக்கத்தில் ஒரு நண்பர்

பிறநாடு கண்டு வந்தோர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் விமானம் தரையிறங்கிய இடத்திலிருந்தே தொடங்குவன. அதற்கு முந்திய மாதங்களில் வீட்டு மேசையில் விரிந்து கிடந்த தேசப்படங்களையும், கூட்டிக் கழித்த கணக்குகளையும், இருவரிடையே எழுந்த வழக்குகளையும் அவற்றிற் காண்பது அரிது. நாமோ இன்னும் புறப்படவில்லை. எமது பள்ளித் தோழர் ஒருவரும் நாமும் வருகின்ற மார்கழி விடுமுறையில் தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா ஆகிய நான்கு நாடுகளை, ஆளுக்கொரு முதுகுப்பையுடன், 24 நாளிற் சுற்றிவர எண்ணி ஆறு மாதமாக ஆயத்தஞ் செய்து வருகின்றோம். இத்தகைய பிரயாணத்தை விரும்பும் மாணவருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் அவ்வாயத்தத்தின் விபரங்கள் பயன்படக்கூடும்.

முதுகுப்பைப் பிரயாணம் இருபது வயதினர்க்கு உரியதன்றோ, நாற்பத்தாறு வயதில் இதென்ன கோலம் என்று எம் இல்லத்தில் வினவினர். ஓர் ஆசிரியனின் சேமிப்பில் நான்கு நாடு காண்பதாயின் வேறு வழி இல்லை என்பதே எமது விடை. அதற்குமேல் வாதம் நடைபெறவில்லை.

நண்பர் தொழிலாற் கணக்காளர். முதல் நாள் அவர் கொண்டுவந்த தேசப்படத்தில் மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஆறு நாடுகள் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தன. ஓர் எல்லையைத் தாண்டுவதென்றால் விடுதியை விட்டு வெளிக்கிடுதல், வண்டி, வரிசை, முத்திரை, மீண்டும் வண்டி, புதிய நாணயம், புதிய விடுதி என்று ஒரு முழுப்பகல் கழிந்துவிடும். ஆறு நாடு பார்ப்பவன் ஆறு குடிவரவு மண்டபங்களையே நன்கு பார்த்தவனாவான். இதனை நாள்வாரியாக எழுதிக் காட்டியபின் நண்பர் இரண்டு வட்டங்களைத் தாமே அழித்தார்.

எக்காலத்திற் செல்வது என்பது அடுத்த வினா. ஆசிரியருக்கு விடுமுறை சித்திரை, ஆவணி, மார்கழி எனும் மூன்றே. சித்திரையில் அந்நாடுகளில் வெயில் கொடியது. ஆவணியில் தாய்லாந்திலும் லாவோசிலும் கம்போடியாவிலும் மழைக்காலம். கார்த்திகை முதல் மாசி வரை அங்கெல்லாம் வரட்சியான, இதமான பருவம். ஆனால் வியட்நாமின் நடுப்பகுதி விதிவிலக்கு. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி கார்த்திகையிற் பொழியும் அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் ஹுயே, டா நாங் நகரங்களையும் நனைக்கின்றது. மார்கழியிலும் அங்கு மழை ஓய்வதில்லை. வடக்கே ஹனோயில் அம்மாதத்து இரவுகள் 15 பாகைக்கு அண்மையில் இறங்கும். ஆகவே ஒரே பையில் மழைக்கோட்டும் கம்பளிச் சட்டையும் மெல்லிய பருத்திச் சேட்டும் இடம்பெற வேண்டியதாயிற்று.

இனி, உண்மையான வழக்குக்கு வருவோம். எமக்கு வேண்டியது அங்கோர். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த பெருங்கோயிலைப் பற்றி வகுப்பறையில் எத்தனையோ முறை கூறியிருக்கின்றோம், கண்டதில்லை. நண்பருக்குக் கற்கோயில்களில் நாட்டமில்லை. அவருக்கு ஆறு வேண்டும். அங்கோரைப் பார்க்க ஒரு நாள் அனுமதிச் சீட்டு 37 டொலர், மூன்று நாட் சீட்டு 62 டொலர் என்பதை அறிந்ததும், "மூண்டு நாளும் கல்லையோ காணும் பார்க்கப் போறீர்?" என்று அவர் கேட்டார். மூன்று நாட் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எம்மூன்று நாளிலும் பயன்படுத்தலாம் என்று விளக்கினோம். அவர் அசையவில்லை.

இறுதியிற் பண்டமாற்று நடந்தது. அங்கோருக்கு மூன்று நாள் எமக்கு. மேகொங் ஆற்றில் இரண்டு நாட் படகுப் பிரயாணம் அவருக்கு. தாய்லாந்தின் சியாங் கொங் நகரிலிருந்து, 2013இல் திறக்கப்பட்ட நான்காம் நட்புறவுப் பாலத்தைக் கடந்தால் லாவோசின் ஹுவே சாய். அங்கிருந்து மெல்லச் செல்லும் நீண்ட மரப்படகு, இடையில் பாக் பெங் என்னும் சிற்றூரில் ஓரிரவு தங்கி, மறுநாள் மாலை லுவாங் பிரபாங் சேரும். பழைய அரச நகரமாகிய லுவாங் பிரபாங்கிலிருந்து தலைநகர் வியந்தியானுக்கு, 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட சீன–லாவோஸ் புகையிரதப் பாதையில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஹனோய்க்கு பஸ் வண்டியிற் செல்வதாயின் ஒரு பகலும் ஓர் இரவும் மலைப்பாதையிற் குலுங்க வேண்டும். நாற்பத்தாறு வயது முதுகெலும்பை எண்ணி அவ்விடத்தில் மட்டும் விமானத்தைத் தேர்ந்தோம். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை 1,726 கிலோமீற்றர் இருப்புப்பாதை. அதை மூன்று துண்டாக்கி ஹுயேயிலும் டா நாங்கிலும் இறங்குவோம். பின் பஸ் வண்டியிற் புனோம் பென், முடிவில் அங்கோருக்கு அருகிலுள்ள சியெம் ரீப்.

அங்கிருந்து தரைவழியே பாங்கொக் திரும்பி வட்டத்தை நிறைவு செய்வது பழைய பிரயாண நூல்கள் காட்டும் வழி. அதனை நாம் ஏற்கவில்லை. தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையிலான பிணக்கினால் 2025 யூனில் பொய்பெட் எல்லை பிரயாணிகளுக்கு மூடப்பட்டது. அவ்வாண்டு யூலையிலும் டிசம்பரிலும் எல்லையிற் போரே மூண்டது. ஆகையாற் சியெம் ரீப்பிலிருந்து விமானத்திலேயே பாங்கொக் மீள்வதென முடிவு செய்தோம். பணம் சிறிது கூடும். நண்பரே அதற்கு ஒப்பினார்.

கடவுச்சீட்டைப் பற்றி ஒன்று கூற வேண்டும். ஆங்கிலத்தில் வரும் பிரயாண நூல்கள் யாவும் மேலைநாட்டுக் கடவுச்சீட்டு உடையோருக்காக எழுதப்பட்டவை. "எல்லையிலேயே வீசா கிடைக்கும்" என்று அவற்றிற் கண்ட வாக்கியத்தை நம்பி இலங்கையர் புறப்படுதல் ஆகாது. எந்த விதியாயினும் நமது நாட்டுக் கடவுச்சீட்டுக்குப் பொருந்துமா என்பதை அந்தந்தத் தூதரகத்திடமே கேட்டு, விடையை எழுத்திற் பெறுதல் வேண்டும். தாய்லாந்து 2024 யூலையில் இலங்கையரை 60 நாள் வரை வீசா இன்றி அனுமதிப்போர் பட்டியலிற் சேர்த்தது. எனினும் இவை அடிக்கடி மாறுவனவாதலாற் புறப்படுமுன் மீண்டும் விசாரிக்கவே இருக்கின்றோம். 2025 மே முதல் அந்நாட்டுக்குச் செல்வோர் வருகை அட்டையை மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரையான மின்வீசா வழங்குகின்றது. ஒருமுறை நுழைய 25 டொலர். அவ்விண்ணப்பத்தில் எவ்வாயிலால் நுழைவோம், எவ்வாயிலால் வெளியேறுவோம் என்பதைக் குறிக்க வேண்டுமாகையால், வழியை முதலில் தீர்மானியாது வீசாக் கேட்பது வீண். அரசாங்கத் தளம் போலத் தோன்றிக் கூடிய காசு பறிக்கும் போலித் தளங்களும் பல உள. கடவுச்சீட்டு ஆறு மாதமேனும் செல்லுபடியாக வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே.

பெரிய சங்கடம் காப்புறுதிப் பத்திரத்தில் வந்தது.

ஒரு ஞாயிறு மாலை இருவரும் அதனை நிரப்பிக்கொண்டிருந்தோம். "தற்போதுள்ள நோய்கள்" என்ற கட்டத்துக்கு வந்ததும் நண்பர் பேனாவை மேசைமீது வைத்தார். சிறிது நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "ரண்டு வருஷமாய் நான் இன்சுலின் போடுறன் காணும். சொன்னால் நீர் என்னோடை வரமாட்டீர் எண்டு நினைச்சன்" என்றார்.

முப்பது ஆண்டுச் சிநேகத்தில் நாம் கேட்டறியாத செய்தி அது. அவர் வீட்டார் அறிவர், நாம் அறியோம். அக்கட்டத்தை வெறுமையாக விடலாமா என்று அவர் கேட்டார். விடலாகாது என்றோம். மறைத்த நோயினால் வைத்தியசாலையிற் கிடக்க நேர்ந்தால், காப்புறுதி செய்தவர்கள் அதனையே காரணங்காட்டிக் கைவிரிப்பர். முதலில் நாடிய நிறுவனம் நீரிழிவுக்குப் பொறுப்பேற்க மறுத்தது. வேறொன்று கூடிய கட்டணத்துக்கு ஏற்று, அதனை எழுத்திலும் தந்தது.

அன்று முதல் ஆயத்தத்தின் போக்கே மாறிற்று. மறுவாரம் நண்பருடன் நாமும் அவருடைய வைத்தியரிடம் சென்றோம். இன்சுலினை விமானத்தின் சாமான் அறைக்குட் போடும் பையில் வைத்தலாகாது. அங்கு உறைந்து பழுதாகலாம். கைப்பையில், வைத்தியரின் கடிதத்துடன் கொண்டுசெல்ல வேண்டும். மருந்தின் பெயரைக் கடையிற் சொல்லும் வணிகப் பெயராலன்றி, எந்நாட்டு வைத்தியரும் அறியும் பொதுப் பெயரால் எழுதுவித்தோம். முழு மருந்தையும் இரண்டாகப் பிரித்து அவர் பையில் ஒரு பாதி, எம் பையில் ஒரு பாதி. படகில் இரண்டு நாள் குளிர்ப்பெட்டி இராதே என்று நாம் கவலையுற, திறந்த இன்சுலின் மிகுந்த சூடு படாதிருந்தால் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது என்றும், நீரில் நனைத்த துணிப்பையில் வைத்தாற் போதும் என்றும் வைத்தியர் தெளிவித்தார். நம் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே.

படகிற் கவனிக்க வேண்டியது மருந்தன்று, சாப்பாடு. மருந்தேற்றியபின் உணவு தாமதித்தால் இரத்தத்திற் சீனி குறைந்துவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், காரணமற்ற சினம் ஆகியன அதன் குறிகள். கடைசிக் குறியை நண்பரின் இயல்பான குணத்திலிருந்து பிரித்தறிவது எமக்குச் சிரமமாகவே இருக்கும். அவ்வேளையில் உடனே குளுக்கோசு கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊட்டலாகாது. குளுக்கோசுப் பொதியொன்று எம் சேட்டுப்பையிலேயே இருக்கும். நண்பரின் மனைவியார் இவற்றையெல்லாம் எமக்குத் தாமும் ஒருமுறை சொல்லித்தந்து, திருப்பிச் சொல்லவும் வைத்தார். எம் மாணவர் படும் பாடு அன்று எமக்கு விளங்கிற்று.

நோயைப் பற்றிய பேச்சில் மலேரியாவையும் மறத்தலாகாது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆனால் நுளம்பு ஒழியவில்லை. நோயுடன் திரும்பும் ஒருவராலேயே அது மீளப் பரவக்கூடும். காட்டுப்புறங்களுக்குச் செல்வோர் புறப்படுமுன் மலேரியாத் தடை இயக்கத்தினரிடம் ஆலோசனை பெறவேண்டும். திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், எந்நாட்டுக்குப் போய்வந்தோம் என்பதை வைத்தியரிடம் முதலிற் சொல்லவேண்டும்.

பண விஷயத்தை நண்பர் தமக்கே உரிய முறையில் ஒழுங்கு செய்தார். அறை, உணவு, வண்டி ஆகிய பொதுச் செலவுக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 25 டொலர். ஒவ்வொரு கிழமையும் இருவரும் 175 டொலர் பொதுப்பணப்பையில் இடுவோம். பொதுச் செலவு அதிலிருந்தே. அங்கோர்ச் சீட்டு போன்ற சொந்த ஆசைகள் சொந்தக் காசில். "நான் கொடுக்கிறேன், பிறகு பார்ப்போம்" என்னும் சொல் இப்பிரயாணத்தில் விலக்கப்பட்டது. கம்போடியாவில் அமெரிக்க டொலர் கைமாறுமெனினும் கிழிந்த தாளை வாங்கார். வியட்நாமில் 20,000 டொங் தாளும் 500,000 டொங் தாளும் நீலநிறமாகையால் மங்கிய வெளிச்சத்தில் ஒன்றைக் கொடுக்க மற்றது போய்விடும். இருபத்தைந்து மடங்கு நட்டம். கணக்காளர் இதனைக் கேட்டுத் திகைத்துப்போனார்.

பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மலிவான விமானங்கள் பல, கையிற் கொண்டுசெல்ல 7 கிலோகிராமே அனுமதிப்பன. நண்பரின் பையைத் தொங்குதராசில் மாட்டியபோது 13 காட்டிற்று. அவிழ்த்துப் பார்த்தால் பருத்தித்துறை வடை, மிளகாய்த்தூள், நான்கு களிசான், பாரமான துவாய். வடையை அன்றே தின்று தீர்த்தோம். துவாய்க்குப் பதிலாக ஒரு சாறம். அது உடுக்கவும் துவட்டவும் போர்க்கவும் உதவும். மூன்று உடுப்பு போதும். இரவில் ஒன்றைத் தோய்த்துக் காயவிடலாம். எமது சைவ உணவுக்கு மிளகாய்த்தூளை நம்பவேண்டியதில்லை. வியட்நாமில் "சாய்" என்றும் தாய்லாந்தில் "ஜே" என்றும் எழுதிய கடைகளிற் புலாலும் மீன்சாறும் இரா.

மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. அண்மைய ஆண்டுகளில், தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசைகாட்டப்பட்டுச் சென்ற இலங்கை இளைஞர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள மோசடி நிலையங்களில் அடைக்கப்பட்டனர். உல்லாசப் பிரயாணியாகப் போய் வேலை பெறலாம் என்று எவர் கூறினும் நம்புதல் கூடாது. பாங்கொக்கிலும் ஹனோயிலும் உள்ள நமது தூதரகங்களின் இலக்கங்களை நாமும் எழுதி வைத்துள்ளோம். ஒருவர் கடவுச்சீட்டின் பிரதி மற்றவர் பையில் இருக்கும்.

கடைசியாக, ஒரு தாளில் நான்கு வரி எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். ஒருவர் நோயுற்றால் மற்றவர் தங்குவது. ஒரு நாள் தனித்துச் சுற்ற விரும்பினால் மற்றவர் வருந்தாதிருப்பது. மாலை ஆறு மணிக்கு விடுதியிற் கூடுவது. கைத்தொலைபேசி தொலைந்தால் அவ்வூர்ப் புகையிரத நிலைய வாயில், புகையிரதம் இல்லாத ஊரிற் பெரிய தபாற் கந்தோர் வாயில். வைத்தியர் வேண்டாமென்றால் அவ்விடத்திலிருந்தே இருவரும் திரும்புவது. நான்காம் வரியை எழுதியவர் நண்பர். "இருவரும்" என்பதை அடித்து "நான்" என்று திருத்தப் பார்த்தார். நாம் விடவில்லை.

லாவோஸ் வீசா இன்னும் கைக்கு வரவில்லை. அது வருமட்டும் லுவாங் பிரபாங் விடுதிக்கு முற்பணம் அனுப்புவதில்லை என்கிறார் கணக்காளர். ஆயினும் படகில் நிழற்பக்கம் எது என்று மட்டும், சென்று வந்தோரிடமெல்லாம் இப்போதே விசாரித்துத் திரிகின்றார்.