ஜிப்ரொஃப்

ஜிப்ரொஃப் என்பது ஒரு கணினி நிரல் இயங்கும்பொழுது அதன் எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் செலவாகின்றது என்பதைக் காட்டும் கட்டளைவரிக் கருவி ஆகும். நிரல் இயங்கும்பொழுது திரட்டப்படும் தரவுகளைப் படித்து, அவற்றை மனிதர் வாசிக்கக்கூடிய அட்டவணைகளாக இது வெளியிடுகின்றது. சி, சி++, ஃபோர்ட்ரான் முதலிய மொழிகளில் எழுதப்பட்டுத் தொகுப்பி வழியாக இயங்குநிலைக் கோப்பாக மாற்றப்படும் நிரல்களுக்கு இது பயன்படுகின்றது. லினக்சு கணினிகளில் காணப்படும் ஜிப்ரொஃப், குனூ திட்டத்தின் பின்யூட்டில்சு தொகுதியின் ஓர் அங்கமாகும். இது ஒரு கட்டற்ற மென்பொருள்.

தேவை

நிரல் ஒன்று மெதுவாக இயங்குவதற்கான காரணத்தை மூலநிரலைப் படித்து மட்டும் அறிவது கடினம். 1971 ஆம் ஆண்டு டொனால்டு குனூத் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், பொதுவாக ஒரு நிரலின் 4 விழுக்காட்டிற்கும் குறைவான பகுதியே அதன் இயக்க நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றது என்று கண்டார். அந்தச் சிறு பகுதி எது என்று அறியாமல் மற்றப் பகுதிகளைத் திருத்துவதால் பயன் இராது. நிரலும் தேவையின்றிச் சிக்கலாகும். எனவே திருத்துவதற்கு முன்னர் அளந்து பார்க்க வேண்டியுள்ளது.

வரலாறு

யுனிக்சு இயங்குதளத்தில் 1970களிலேயே புரொஃப் என்ற கருவி இருந்தது. ஒவ்வொரு செயற்கூறும் எடுத்துக்கொண்ட நேரத்தை அது பட்டியலிட்டது. ஆனால் பெரிய நிரல்கள் பல சிறு செயற்கூறுகளால் ஆனவை. ஒரே சிறு செயற்கூற்றைப் பல இடங்களிலிருந்து அழைப்பதுண்டு. அவ்வாறான நிரல்களில், "இந்தச் செயற்கூறு அதிக நேரம் எடுக்கின்றது" என்ற செய்தி மட்டும் போதாது. யாருடைய தேவைக்காக அந்த நேரம் செலவாகின்றது என்பதும் தெரிய வேண்டும்.

இக்குறையை நீக்கும் பொருட்டு, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சூசன் கிரகாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கிர்க் மெக்கூசிக் ஆகியோர் ஜிப்ரொஃப் கருவியை உருவாக்கி, 1982 ஆம் ஆண்டு அதனைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டனர். 1983 ஆம் ஆண்டு வெளிவந்த 4.2 பிஎஸ்டி இயங்குதளத்தில் இக்கருவி இடம்பெற்றது. அவ்வியங்குதளத்தின் கருனியை அளந்து சீரமைக்கவும் இதே கருவி பயன்பட்டது. கோப்புப் பாதைப் பெயர்களைக் கண்டறியும் பகுதியில் பெருமளவு நேரம் செலவாவது அளவீடுகளில் தெரியவந்ததால், 1986 ஆம் ஆண்டு வெளிவந்த 4.3 பிஎஸ்டியில் அப்பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது.

குனூ திட்டத்திற்கான ஜிப்ரொஃப் பின்னர் ஜே ஃபென்லாசன் என்பவரால் எழுதப்பட்டது. பெயரின் முதலில் உள்ள "ஜி" என்ற எழுத்து குனூவைக் குறிப்பதாகச் சிலர் கருதுவதுண்டு. குனூ திட்டம் 1983 ஆம் ஆண்டே அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே இக்கருவி இப்பெயரைப் பெற்றுவிட்டது என்பதால் இக்கருத்து பொருந்தாது.

செயற்படும் முறை

ஜிப்ரொஃப் காட்டும் எண்கள் இரண்டு வெவ்வேறு வழிகளில் கிடைக்கின்றன. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது அட்டவணையைச் சரியாக வாசிப்பதற்கு அடிப்படையாகும்.

முதலாவது, எண்ணுதல். அளவாய்வுக்கெனத் தொகுக்கும்பொழுது, தொகுப்பி ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் ஒரு சிறு கணக்கெடுப்புக் கட்டளையைச் சேர்க்கின்றது. எந்தச் செயற்கூறு எந்தச் செயற்கூற்றை அழைத்தது, எத்தனை முறை அழைத்தது என்பதை அது குறித்துக்கொள்கின்றது. இந்த எண்ணிக்கை துல்லியமானது. ஒரே உள்ளீட்டைக் கொண்டு ஒரே வழியில் செல்லும் நிரலை எத்தனை முறை இயக்கினாலும் இவ்வெண்ணிக்கை மாறாது.

இரண்டாவது, மாதிரியெடுப்பு. நிரல் செயலியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு 0.01 நொடிக்கும் ஒரு முறை, அது அப்பொழுது எந்த இடத்தில் இயங்கிக்கொண்டிருக்கின்றது என்பது குறிக்கப்படுகின்றது. பெரும்பாலான கணினிகளில் இந்த இடைவெளியே வழக்கம். ஒரு செயற்கூற்றினுள் 600 மாதிரிகள் விழுந்திருந்தால் அது 6 நொடிகள் எடுத்துக்கொண்டது என மதிப்பிடப்படுகின்றது. ஆகவே நேரம் ஒரு புள்ளியியல் மதிப்பீடே ஆகும்.

பயன்படுத்தும் முறை

கீழுள்ள கட்டளைகள் தமிழ் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் இவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் உள்ளிட வேண்டும்.

1. தொகுத்தல்: ஜிசிசி -பிஜி -ஓ எண்ணி எண்ணி.சி
கழித்தல் குறியைத் தொடர்ந்து பி, ஜி ஆகிய இரு எழுத்துகளைக் கொண்ட விருப்பம், கணக்கெடுப்புக் கட்டளைகளைச் சேர்க்குமாறு தொகுப்பியைப் பணிக்கின்றது. தொகுத்தல், இணைத்தல் ஆகியவற்றைத் தனித்தனியே செய்தால் இரண்டிலும் இவ்விருப்பத்தைத் தர வேண்டும்.

2. இயக்குதல்: ./எண்ணி
நிரல் இயல்பாக முடிவடையும்பொழுது ஜிமான்.அவுட் என்ற கோப்பு உருவாகும். இடையில் வலிந்து நிறுத்தப்பட்டாலோ பிழையால் முறிந்தாலோ இக்கோப்பு எழுதப்படாது. அடுத்த முறை அதே கோப்புறையில் இயக்கினால் பழைய கோப்பின் மீதே புதியது எழுதப்படும்.

3. காணுதல்: ஜிப்ரொஃப் எண்ணி ஜிமான்.அவுட்
தரவுக் கோப்பில் நினைவக முகவரிகளே உள்ளன. அவற்றைச் செயற்கூறுகளின் பெயர்களாக மாற்றுவதற்கு இயங்குநிலைக் கோப்பும் தேவை. இடையில் நிரலை மாற்றித் தொகுத்திருந்தால் முகவரிகளும் பெயர்களும் பொருந்தாமல் போகும்.

தட்டையான அறிக்கை மட்டும் வேண்டுமெனில் -பி என்ற விருப்பத்தையும், அழைப்புக் கோட்டுரு மட்டும் வேண்டுமெனில் -கியூ என்ற விருப்பத்தையும் தரலாம். அட்டவணையுடன் வரும் நீண்ட விளக்கவுரையை -பி என்ற ஒலிப்புடைய மற்றோர் எழுத்து, அதாவது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து, நீக்கிவிடும்.

தட்டையான அறிக்கை

ஒரு நூலில் எந்தச் சொல் எத்தனை முறை வருகின்றது என்று எண்ணும் நிரலை எடுத்துக்கொள்வோம். அது 2,00,000 சொற்களைப் படிக்கின்றது. ஒவ்வொரு சொல்லையும் ஒரு பட்டியலில் முதலிலிருந்து வரிசையாகத் தேடுகின்றது. இறுதியில் பட்டியலை ஒரு முறை வரிசைப்படுத்துகின்றது. அதன் அறிக்கை பின்வருமாறு அமையலாம். இவ்வெண்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

| விழுக்காடு | கூட்டு நொடி | தன் நொடி | அழைப்புகள் | செயற்கூறு |
|---|---|---|---|---|
| 75.0 | 6.00 | 6.00 | 4,00,00,000 | ஒப்பிடு |
| 15.0 | 7.20 | 1.20 | 2,00,000 | தேடு |
| 7.5 | 7.80 | 0.60 | 2,00,000 | படி |
| 2.5 | 8.00 | 0.20 | 1 | வரிசைப்படுத்து |

"தன் நொடி" என்பது அச்செயற்கூற்றினுள் மட்டும் செலவான நேரம். அது அழைத்த பிற செயற்கூறுகளின் நேரம் இதில் சேராது. "கூட்டு நொடி" என்பது மேலிருந்து அவ்வரி வரையிலான கூட்டுத்தொகை. உண்மையான அறிக்கையில், ஓர் அழைப்பிற்குச் சராசரியாக ஆகும் நேரத்தைக் காட்டும் நிரல்களும் உண்டு.

இவ்வட்டவணையைக் கொண்டு, படி என்ற செயற்கூற்றை முற்றிலும் நேரமே எடுக்காதவாறு மாற்றினாலும் 8 நொடியில் 0.60 நொடி மட்டுமே மிஞ்சும் என்பதை உடனே அறியலாம். ஒப்பிடு என்பதே முதன்மையான செலவு. ஆனால் ஒவ்வோர் ஒப்பீட்டிற்கும் 0.15 மைக்ரோ நொடியே ஆகின்றது. ஒரு தனி ஒப்பீடு மெதுவானதன்று. நான்கு கோடி முறை அது நிகழ்வதே சிக்கல். அவ்வளவு அழைப்புகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு இவ்வறிக்கையில் விடை இல்லை.

அழைப்புக் கோட்டுரு

எந்தச் செயற்கூறு எதனை அழைக்கின்றது என்ற தொடர்புகளின் வலையமைப்பே அழைப்புக் கோட்டுரு ஆகும். ஜிப்ரொஃப் இதனைப் பத்திகளாக அச்சிடுகின்றது. ஒவ்வொரு பத்தியிலும் சதுர அடைப்புக்குறியுள் எண் கொண்டு தொடங்கும் வரி, அப்பத்திக்குரிய செயற்கூற்றைக் குறிக்கும். அதற்கு மேலுள்ள வரிகள் அதனை அழைத்தவை. கீழுள்ளவை அதனால் அழைக்கப்பட்டவை.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் தேடு என்பதன் பத்தியில், அதன் கீழ் ஒப்பிடு என்ற வரியில் 3,80,00,000/4,00,00,000 என்று இருக்கும். ஒப்பிடு பெற்ற நான்கு கோடி அழைப்புகளில் 3 கோடியே 80 இலட்சம் இங்கிருந்து வந்தன என்பது இதன் பொருள். எஞ்சிய 20 இலட்சம் வரிசைப்படுத்து என்பதிலிருந்து வந்தவை. எனவே ஒப்பிடு எடுத்த 6.00 நொடியில் 5.70 நொடி தேடு என்பதன் கணக்கிலும், 0.30 நொடி வரிசைப்படுத்து என்பதன் கணக்கிலும் சேர்க்கப்படும். தட்டையான அறிக்கையில் 15 விழுக்காடாகத் தெரிந்த தேடு, தன் 1.20 நொடியையும் சேர்த்து 6.90 நொடிக்குப் பொறுப்பாகின்றது. இது மொத்த நேரத்தில் ஏறக்குறைய 86 விழுக்காடு.

இச்செய்தி, திருத்த வேண்டிய இடத்தை மாற்றிவிடுகின்றது. ஒப்பிடு என்பதை இரு மடங்கு விரைவாக்கினால் 8 நொடி 5 நொடியாகக் குறையும். தேடும் முறையையே மாற்றி, ஒரு சொல்லுக்குச் சராசரியாக 190 ஒப்பீடுகள் என்ற நிலையிலிருந்து ஓரிரு ஒப்பீடுகள் போதும் என்ற நிலைக்கு, ஹாஷ் அட்டவணை போன்றதொரு தரவுக் கட்டமைப்பின் மூலம் கொண்டுவந்தால், தேடுதலுக்கான 6.90 நொடியில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறுகளின் எண்ணிக்கை, கூட்டல் குறியிட்டுத் தனியே காட்டப்படும். ஒன்றையொன்று மாறிமாறி அழைக்கும் செயற்கூறுகளில் யாருடைய நேரம் யாருக்குரியது எனப் பிரிக்க இயலாது. அவை சுழற்சி எனப்படும் ஒரே குழுவாகக் கருதப்படுகின்றன. இக்குழுக்களைக் கண்டறிய, ராபர்ட் டார்ஜான் 1972 ஆம் ஆண்டு வெளியிட்ட படிமுறை பயன்படுத்தப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

மாதிரிப் பிழை: ஒரு செயற்கூற்றில் விழுந்த மாதிரிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலம், எதிர்பார்க்கத்தக்க பிழையின் அளவாகும். ஒப்பிடு என்பதில் 600 மாதிரிகள் உள்ளன. பிழை ஏறக்குறைய 24 மாதிரிகள், அதாவது 4 விழுக்காடு. வரிசைப்படுத்து என்பதில் 20 மாதிரிகளே உள்ளன. பிழை 4 அல்லது 5 மாதிரிகள், அதாவது 22 விழுக்காட்டிற்கும் மேல். ஆகவே அட்டவணையின் அடியிலுள்ள சிறிய எண்களை நம்பி முடிவெடுத்தல் ஆகாது. ஒவ்வோர் இயக்கத்தின் கோப்பையும் வேறு பெயரில் சேமித்து, -எஸ் என்ற விருப்பத்தால் அவற்றைக் கூட்டலாம். 25 இயக்கங்களைக் கூட்டினால் இப்பிழை ஐந்தில் ஒரு பங்காகும்.

சராசரி என்ற எடுகோள்: அழைத்தவர்களுக்கு நேரத்தைப் பங்கிடும்பொழுது, எல்லா அழைப்புகளும் ஒரே அளவு நேரம் எடுத்தன என்று ஜிப்ரொஃப் எடுத்துக்கொள்கின்றது. இது எப்பொழுதும் உண்மையாகாது. வரிசைப்படுத்துகையில் நிகழும் ஒப்பீடு ஒவ்வொன்றும் தேடுகையில் நிகழ்வதைப்போல் மூன்று மடங்கு நேரம் எடுத்திருந்தால், வரிசைப்படுத்து என்பதற்கு உரிய உண்மையான பங்கு 0.82 நொடி. அறிக்கையிலோ 0.30 நொடி என்றே இருக்கும். எத்தனை முறை இயக்கிக் கூட்டினாலும் இத்தவறு குறையாது.

காத்திருக்கும் நேரம்: வன்தட்டு, வலையமைப்பு ஆகியவற்றுக்காக நிரல் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. ஒரு நிமிடம் ஓடிய நிரலுக்கு அறிக்கை 3 நொடி மட்டும் காட்டுமானால், குறை கணிப்பில் இல்லை, காத்திருப்பில் உள்ளது என்று ஐயுறலாம்.

அளத்தலின் செலவு: கணக்கெடுப்புக் கட்டளைகளும் நேரம் எடுக்கும். பல கோடி முறை அழைக்கப்படும் மிகச் சிறிய செயற்கூறுகளைக் கொண்ட நிரல், அளக்கும்பொழுது இயல்பைவிட மெதுவாக ஓடும்.

உட்பொதிதல்: சிறு செயற்கூறுகளைத் தொகுப்பி அவற்றை அழைக்கும் செயற்கூற்றினுள்ளேயே பதித்துவிட்டால், அவை அட்டவணையில் தோன்றா. அவற்றின் நேரம் அழைத்த செயற்கூற்றின் தன் நேரமாகக் காட்டப்படும்.

நூலகங்கள்: பகிர்வு நூலகங்களினுள் செலவாகும் நேரம் பொதுவாக அறிக்கையில் இடம்பெறுவதில்லை.

பிற கருவிகள்

மீண்டும் தொகுக்கத் தேவையின்றி அளக்கும் கருவிகள் பின்னாளில் பரவலாயின. லினக்சு கருனியுடன் 2009 ஆம் ஆண்டு முதல் வெளிவரும் பெர்ஃப், செயலியில் உள்ள வன்பொருள் எண்ணிகளையும் பயன்படுத்துகின்றது. மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் முழு அழைப்புத் தொடரையும் அதனால் பதிவுசெய்ய இயலும் என்பதால், சராசரி என்ற எடுகோள் அங்கு தேவைப்படுவதில்லை. வால்கிரைண்டு தொகுதியிலுள்ள கால்கிரைண்டு, நிறைவேற்றப்படும் கட்டளைகளையே எண்ணுகின்றது. இதனால் விவரம் மிகுதி, ஆனால் நிரலின் வேகம் பல மடங்கு குறையும். 2022 ஆம் ஆண்டு பின்யூட்டில்சு தொகுதியில் ஜிப்ரொஃப்என்ஜி என்ற புதிய கருவியும் சேர்க்கப்பட்டது.

இக்கருவிகள் பலவற்றின் அறிக்கைகளிலும் தன் நேரம், அழைத்தவற்றையும் சேர்த்த நேரம் என்ற பாகுபாடு காணப்படுகின்றது. ஜிப்ரொஃப் அறிக்கையை வாசிக்கக் கற்றவர் அவற்றையும் எளிதில் வாசிக்கலாம்.