ஒரு குவளை ரம்மில் இரண்டரைக் கிலோ கரும்பு

கருநிற ரம்மை இஞ்சி பீருடன் கலந்து அருந்தும் வழக்கம் அட்லாண்டிக் பெருங்கடலின் பெர்முடா தீவுகளுக்கு உரியது. செய்முறை எளிது. உயரமான கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டி, 120 மி.லி. இஞ்சி பீர், சிறிது எலுமிச்சைச் சாறு. கடைசியாக 60 மி.லி. ரம். அது மேலே கருமேகம்போல் படர்வதால் 'டார்க் அண்டு ஸ்டார்மி' என்று பெயர். வீட்டில் தயாரிப்பது என்றால் கலப்பது மட்டுமே. காய்ச்சுவது குற்றம், மெத்தனால் கலந்த சாராயம் என்ன செய்யும் என்பதை 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் கண்டது.

இந்தக் குவளைக்குள் விழுப்புரம் மாவட்ட விவசாயியின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. ரம்மின் மூலப்பொருள், சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு. திண்டிவனம் - விழுப்புரம் நெடுஞ்சாலையில் உள்ள முண்டியம்பாக்கம் ஆலையானாலும், பெரியசெவலை கூட்டுறவு ஆலையானாலும், ஒரு டன் கரும்பை அரைத்தால் சுமார் 45 கிலோ கழிவுப்பாகு கிடைக்கும். அதிலிருந்து ஏறத்தாழ 10 லிட்டர் எரிசாராயம், 42.8 விழுக்காடு வலிமையில் 23 லிட்டர் ரம். அதாவது, 60 மி.லி. ரம்முக்குப் பின்னால் இரண்டரைக் கிலோ கரும்பு நிற்கிறது.

அந்த இரண்டரைக் கிலோவுக்கு விவசாயி பெறுவது எவ்வளவு? 2025-26 பருவத்தில், 9.5 விழுக்காட்டுக்கு மேற்படாத பிழிதிறனுக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு ரூ.329.05. கணக்கிட்டால் எட்டு ரூபாய் சொச்சம். அதுவும் கழிவுப்பாகுக்கு மட்டுமன்று. சர்க்கரை, சக்கை எல்லாவற்றுக்கும் சேர்த்து. மதுவின் சில்லறை விலையில் பெரும்பகுதி வரி என்பது உண்மைதான். சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரியில் அதே புட்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமும் வரியே. ஆனால் ஆலைக்கும் விவசாயிக்கும் இடையிலான பங்கீடு வேறு கேள்வி.

2012-இல் ரங்கராஜன் குழு இரு வழிகளைச் சொன்னது: சர்க்கரையோடு துணைப்பொருள்களின் வருவாயையும் சேர்த்து அதில் 70 விழுக்காடு, அல்லது சர்க்கரை வருவாயில் மட்டும் 75 விழுக்காடு. தமிழகமும் 2017-18 பருவத்தில் வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறியது. இரண்டாம் வழியில், துணைப்பொருள்கள் அனைத்துக்குமான ஈடு அந்தக் கூடுதல் ஐந்து விழுக்காடு மட்டுமே. அப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பு தொடக்க நிலையில் இருந்தது. 2025-இல் அது 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. கழிவுப்பாகு இன்று கழிவன்று. அந்த ஐந்தை மறுகணக்கிட வேண்டும். அதற்கு முதலில் ஆலைகள் தம் துணைப்பொருள் வருவாயைப் பருவந்தோறும் வெளியிட வேண்டும்.