நிலாவாரையும் வயிற்று வலியும்

மலச்சிக்கலுக்கு நிலாவாரை நம் இல்லங்களில் பழகிய மருந்து. 'சனா' எனும் இவ்விலையைச் சிறப்பித்துக் கூறும் நபிமொழி திர்மிதியில் உண்டு. ஆயினும் சகோதரிகளே, காரணம் விளங்காத வயிற்று வலிக்கு இதனைக் கொடுத்துவிடாதீர்கள்! குடலைச் சுருங்கச் செய்து மலத்தைத் தள்ளுவதே இதன் வேலை. வலி குடல்வால் அழற்சியால் வந்ததாயின், குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளைக்குத் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கி, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால் கஷாயம் வைத்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். குடலடைப்பு, குடல் அழற்சி உடையோருக்கும் இது ஆகாது. இதய நோய்க்கு டிகாக்சின் உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடவே வேண்டாம். பேதியில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். ரமலானிலோ, இரவில் அருந்தியது 8 முதல் 12 மணி நேரம் கழித்து, நோன்பு வேளையில்தான் பேதியாகும்.